ஆட்டம் எங்கே மாட்டுது? அறிகுறி பார்த்து விதியைச் சரிசெய்வது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் ஆறு பேர் உட்காருவோம். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் அண்ணன், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருக்கும் நண்பர், நர்சிங் படிக்கும் தங்கச்சி, கேரம் போர்டில் கை வைத்தால் எழுந்திருக்காத ரெண்டு பசங்க, அப்புறம் நான். நான் டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர். கதை நடக்கும் உலகமும் அதில் வரும் பூதம், வியாபாரி, காவல்காரன் எல்லாரும் என் பொறுப்பு. மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கதாபாத்திரம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து கிளைத்த ஆட்டம்தான்: பேசியே கதை நடத்துவோம், நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். நாங்கள் ஆடுவது அதன் ஐந்தாம் பதிப்பு, பாதி இடங்களில் எங்கள் சொந்த விதி.

ஆட்டம் கெடும்போது முதலில் ஆளைத்தான் குறை சொல்லத் தோன்றும். "அவன் போனை நோண்டறான்", "அவ வாயே தொறக்கல." மூன்று வருடமாக எழுதி வரும் நோட்டைப் புரட்டினால், கோளாறு பெரும்பாலும் விதியில் இருக்கிறது, அதுவும் அறிகுறி தெரிகிற இடத்துக்கு ஓர் அடி முன்னால். இன்ஜின் கரும்புகை விட்டால் அண்ணன் புகைக்குழாயைக் கழற்ற மாட்டார். டீசலும் காற்றும் உள்ளே போகிற வழியிலிருந்து பார்த்துக்கொண்டு வருவார். கீழே இருப்பதும் அந்த வரிசையில்தான்.

ஒரு கதவு முன்னால் அரை மணி நேரம் போய்விட்டது

எங்களுக்கு நடந்தது இது. பாழடைந்த உப்புக் கிடங்கு, உள்ளே போக ஒரே கதவு. பூட்டைத் திறக்க 20 முகப் பகடையில் 15 வேண்டும் என்றேன். திருடன் உருட்டினான், 4. "தள்ளு, நான் பாக்கறேன்" என்று வெல்டர், 9. அடுத்தவன் 11. தங்கச்சி 2. அண்ணன் உருட்டும்போது யாரும் பகடையைப் பார்க்கக்கூட இல்லை. கடைசியில் மறுபடியும் திருடன் உருட்டி, 17 விழுந்து, கதவு திறந்தது. ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 15 அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்பு 30 சதவீதம். ஐந்து பேர் ஆளுக்கொரு தடவை முயன்றால் யாராவது ஒருவருக்கு விழுந்துவிடும் வாய்ப்பு 83 சதவீதம். சோதனை என்று நான் வைத்தது ரேஷன் கடை வரிசை மாதிரி ஆகிவிட்டது. நின்றால் கிடைக்கும், நேரம்தான் போகும். இங்கே கோளாறு பகடையில் இல்லை, எண்ணிலும் இல்லை. தோற்றால் என்ன நடக்கும் என்று நான் யோசிக்காமலே உருட்டச் சொன்னேன்.

இதற்கு நான் செய்யும் சிகிச்சை: வாயைத் திறந்து "உருட்டு" என்று சொல்லும் முன், விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன என்று இரண்டையும் மனதில் சொல்லிப் பார்த்துவிடுவேன். "விழலன்னா ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தால் உருட்டவே வேண்டாம், கதவைத் திறந்துவிடலாம். பதில் இருந்தால் அதை உரக்கச் சொல்லிவிடுங்கள். "தெருக்கோடியில லாந்தர் வெளிச்சம் வருது. இந்த உருட்டு தவறினா அவன் இங்க வந்துடுவான்." அடுத்து, ஒரு கதவுக்கு ஒரே உருட்டு. மற்றவர்கள் உதவலாம், வரிசையில் நிற்க முடியாது.

மூன்றாவதாக, வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவில் ஓர் இடம் வையுங்கள். 2010-ல் வின்சென்ட் பேக்கர் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற இன்னொரு கதை ஆட்டம் இதை அழகாகச் செய்தது. இரண்டு 6 முகப் பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். 10-ம் அதற்கு மேலும் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது விலை கொடுக்க வேண்டும். 6-ம் அதற்குக் கீழும் வம்பு. கூடுதல் எண் எதுவும் சேர்க்காமல் உருட்டினால் 36-ல் 15 தடவை அந்த நடு இடத்தில்தான் விழும். கதை ஊறுவது அங்கேதான். 20 முகப் பகடையிலும் இதைச் செய்யலாம். 15 வேண்டிய இடத்தில் 11 முதல் 14 வரை விழுந்தால் கதவு திறக்கும், ஆனால் கம்பி உடைந்து சத்தம் கேட்கும். 30 சதவீதம் சுத்தமான வெற்றி, 20 சதவீதம் விலை கொடுத்த வெற்றி, மிச்சம் 50 சதவீதம் லாந்தர்க்காரன் வந்துவிடுகிறான். எது விழுந்தாலும் ஆட்டம் நகர்கிறது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கதை மேலே போகத் தேவையான துப்பை ஒருபோதும் உருட்டுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். கடிதம் மேஜை மேலேயே கிடக்கட்டும். அதில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்பதற்கு வேண்டுமானால் உருட்டச் சொல்லலாம்.

சண்டை முடியவே மாட்டேங்குது

முதலில் அளந்து பாருங்கள். செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு ஒரு சண்டை முழுக்க யாருக்கு எவ்வளவு நேரம் என்று நான் குறித்தேன். ஆட்டக்காரர் ஒருவருக்கு மூன்று நிமிடம், எனக்கு ஐந்து. ஒரு சுற்றுக்கு 20 நிமிடம், ஐந்து சுற்றுக்கு 100 நிமிடம். நான் யாரை மந்தம் என்று நினைத்திருந்தேனோ அவரை விட நானே அதிக நேரம் எடுத்திருந்தேன். எட்டு அடியாட்களுக்கும் தனித்தனியாக உருட்டிக்கொண்டிருந்தேன். இப்போது எட்டுப் பேரையும் இரண்டு கும்பலாகக் கட்டி, கும்பலுக்கு ஒரு உருட்டு.

ஆட்டக்காரர்கள் பக்கம், முறை வந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள் என்றால், "இப்ப தங்கச்சி, அடுத்து அண்ணன்" என்று இரண்டு பேரைச் சேர்த்துக் கூப்பிடுங்கள். தாக்கும் பகடையையும் சேதத்துக்கான பகடையையும் ஒரே கையில் போடச் சொல்லுங்கள். இந்த இரண்டிலேயே எங்களுக்குக் கணிசமான நேரம் மிச்சமானது.

அப்புறமும் இழுத்தால் எண்ணைப் பாருங்கள். எங்கள் ஆட்கள் 60 சதவீதம் தடவை குறி தவறாமல் அடிக்கிறார்கள், அடிக்குச் சேதம் 8 முகப் பகடையில் விழுவதோடு மூன்று, அதாவது சராசரி 7.5. ஒருவரின் ஒரு முறைக்கு 4.5 என்று எதிர்பார்க்கலாம், ஐந்து பேருக்கு 22.5. 60 உயிர், அதாவது 60 சேதம் வரை தாங்கும் பூதம் மூன்றாவது சுற்றில் விழும். அதே பூதத்தின் கவச எண்ணை, அதாவது அதன் மேல் அடி விழத் தேவையான எண்ணை, நான்கு கூட்டினால் குறி 40 சதவீதமாகி, சுற்றுக்கு 15 ஆகி, நான்கு சுற்று ஓடும். கஷ்டம் கூட வேண்டும் என்று கவசத்தைக் கூட்டுவது ரொம்பப் பேர் செய்கிற தப்பு. அது கஷ்டத்தைக் கூட்டாது, "விழல, அடுத்தவன்" என்கிற பேச்சைத்தான் கூட்டும். கஷ்டம் வேண்டுமென்றால் பூதத்தின் அடியைக் கூட்டுங்கள், கவசத்தைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு பழைய விதி. 1981-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அடிப்படைப் பெட்டிப் பதிப்பில் ஒவ்வொரு எதிரிக்கும் 2 முதல் 12 வரை ஒரு துணிவு எண் உண்டு. சண்டையில் முதல் சாவு விழுந்ததும் ஒரு தடவை, பாதிப் பேர் விழுந்ததும் இன்னொரு தடவை, டிஎம் இரண்டு 6 முகப் பகடைகளை உருட்டுவார். விழுவது துணிவு எண்ணைத் தாண்டினால் எதிரி பின்வாங்குவான், இல்லை சரணடைவான். எலும்புக்கூட்டுக்குத் துணிவு 12, அது என்றைக்கும் ஓடாது. கூலிக்கு வந்த அடியாளுக்கு நான் 7 வைத்தேன். ஒவ்வொரு சோதனையிலும் ஓடுவதற்கு 42 சதவீத வாய்ப்பு.

இந்த விதி வந்த முதல் வாரம், மூன்றாவது அடியாள் விழுந்ததும் மிச்சம் பேர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருத்தன் மட்டும் மாட்டிக்கொண்டான். அவனை என்ன செய்வது என்று ஐந்து பேரும் பேசியது, அன்றைய சண்டை முழுவதையும் விட நன்றாக இருந்தது. வெல்டர் தன் கதாபாத்திரத்தின் ஒரு வெள்ளிக் காசை எடுத்து அவனிடம் நீட்டி, "வூட்டுக்குப் போ. யாரு அனுப்புனாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றார். காசு எங்கே இருந்தது என்று தன் ஷீட்டில், கதாபாத்திரத்தின் கணக்கெல்லாம் எழுதிய தாளில் தேடி, ஒன்றைக் கழித்து எழுதினார். அந்தப் பேனா ஓடியபோது மாடியில் வேறு சத்தம் இல்லை.

பெரிய பூதம் ஒரே சுற்றில் செத்துப்போச்சு

மேலே உள்ள கணக்கின் மறுபக்கம் இது. ஐந்து பேர் ஐந்து தடவை அடிக்கிறார்கள், பூதம் ஒரு தடவை. உயிரை ஏற்றினால் பழையபடி சண்டை இழுக்கும். முறைகளின் எண்ணிக்கையைத்தான் ஏற்ற வேண்டும். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலேயே சில பெரிய எதிரிகளுக்கு, மற்றவர்கள் முறை முடிகிற இடத்தில் செய்ய மூன்று கூடுதல் செயல்கள் இருக்கின்றன. நான் எண்ணூர் கழிவெளியில் ஒரு ராட்சத நண்டை விட்டபோது, இரண்டு கொடுக்குக்கும் ஓட்டுக்கும் தனித்தனி உயிர், தனித்தனி முறை என்று பிரித்தேன். ஒரு கொடுக்கை வெட்டினால் ஒரு முறை குறையும். யாரைக் காப்பாற்ற எதை முதலில் வெட்டுவது என்று அவர்களே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

ஷீட்டைப் பார்த்ததும் வாய் மூடிக்கொள்கிறார்கள்

இதைக் கூச்சம் என்று நானும் நினைத்தேன். தங்கச்சி முதல் மூன்று வாரமும் "நான் ஹீல் பண்றேன்" தவிர வேறு பேசவில்லை. ஷீட் முழுக்க இங்கிலீஷ். ஒவ்வொரு சொல்லையும் மனதில் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் முறை தாண்டிப் போகிறது.

எனவே ஷீட்டைத் தமிழில் எழுதினோம். அகராதித் தமிழில் எழுதியது தோற்றது. "மதிநுட்பம்" என்று யாரும் சண்டைக்கு நடுவில் கத்த மாட்டார்கள். தெருவில் என்ன சொல்கிறோமோ அதைப் போட்டோம். ஸ்ட்ரெங்த் பலம், டெக்ஸ்டெரிட்டி லாவகம், கான்ஸ்டிடியூஷன் தெம்பு. ஹிட் பாயின்ட்ஸ் உயிர். ப்ரொஃபிஷியன்சி கைப்பழக்கம். கரிஸ்மாவுக்கு யோசிக்கவே இல்லை, கேரம் பசங்க இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "கெத்து" என்றார்கள்.

இன்டெலிஜென்ஸுக்கும் விஸ்டமுக்கும் என்ன வித்தியாசம் என்று இங்கிலீஷில் ஆடுகிறவர்களே குழம்புவார்கள். நம் மொழியில் அது ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயம். ஒன்று புத்தி, இன்னொன்று விவரம். "நல்லா படிச்சவன், ஆனா விவரம் பத்தாது" என்று எந்த வீட்டிலும் சொல்வார்கள். ஓலைச்சுவடி படிக்கப் புத்தி, எதிரே நிற்பவன் புளுகுகிறானா என்று பார்க்க விவரம். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட யாரும் இதைக் கேட்கவில்லை. மந்திரம் எத்தனை தடவை போடலாம் என்ற கணக்கான ஸ்பெல் ஸ்லாட்டை மட்டும் அப்படியே விட்டோம், தேடிப் பார்த்தோம், வாயில் நிற்கிற சொல் அமையவில்லை.

தமிழ் ஷீட் வந்த வாரம், சாவி வைத்திருக்கும் காவல்காரன் பொய் சொல்கிறானா என்று தெரிய வேண்டியிருந்தது. "விவரத்துல உருட்டு" என்று சொல்லப் போனேன். தங்கச்சி அதற்குள், "அவன் கையைப் பாக்கறேன்ணா. நடுங்குதா? உதடு காஞ்சிருக்கா? வார்டுல நாங்க அப்படித்தான் பாப்போம்" என்றாள். நான் உருட்டச் சொல்லவில்லை. நடுங்குகிறது என்று சொல்லிவிட்டேன். சரியான கேள்வி கேட்டவருக்குப் பகடை குறுக்கே வரக்கூடாது.

ஷீட்டையும் விதிச் சுருக்கத்தையும் தமிழில் எழுதிப் பகிரலாமா என்ற தயக்கம் வேண்டாம். 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். மூலத்தை முறையாகக் குறிப்பிட்டுவிட்டு மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்செடுத்துக் கொடுக்கலாம்.

போனை நோண்டுகிறார்கள்

மேலே இருக்கிற கதவு, சண்டை, ஷீட் மூன்றையும் முதலில் சரிபாருங்கள். எங்களிடம் அதற்குப் பிறகு இது தானாகக் குறைந்தது.

ஆள் சேரவில்லை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கடலுக்குப் போகாததால் அண்ணன் வாரா வாரம் வருவார் என்று நினைத்து, அந்த இரண்டு மாதத்துக்கு அவர் கதாபாத்திரத்தை நடுவில் வைத்து ஒரு கதை கட்டினேன். தடைக்காலத்தில்தான் படகுகளைக் கரையேற்றி மராமத்து செய்வார்கள், இன்ஜினை இறக்குவார்கள். அண்ணனுக்கு மூச்சு விட நேரம் இல்லை. கதை அந்தரத்தில் நின்றது. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் துறைமுகச் சத்திரத்தில் தொடங்கி அங்கேயே முடிகிறது. வந்தவர்கள் பயணம் போவார்கள், வராதவர்களின் கதாபாத்திரம் சத்திரத்தில் தங்கும். மூன்று பேர் வந்தாலும் ஆட்டம் உண்டு.

ஒருவர் எழுந்து கைப்பிடிச் சுவர் ஓரம் போய் நிற்கிறார்

கடல் பூதம் கோபத்தில் அலையைக் கிளப்புகிறது, தண்ணீர் முதலில் உள்வாங்குகிறது, படகுகள் தரை தட்டுகின்றன என்று நான் ரசித்து ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் பகடையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த கரை அவருடையது. நான் அதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆட்டத்தை நிறுத்தினேன். டீ போட்டுக் கொண்டுவந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த வாரம் கதை தொடங்கும் முன், இந்த மாடியில் எது வர வேண்டாம் என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுதி டப்பாவில் போட்டோம். மேஜை நடுவில் ஒரு காலி அட்டையும் வைத்தோம். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே வெட்டு, காரணம் கேட்பதில்லை. இதுவும் விதிதான், தாக்கும் எண்ணைப் போலவே ஷீட்டின் முதல் வரியில் எழுத வேண்டிய விதி. புது ஆள் வந்தால் பகடையைக் கையில் கொடுக்கும் முன் இந்த அட்டையைக் காட்டுகிறேன்.

விதி பற்றித் தகராறு

ஒரு நிமிடத்துக்குள் டிஎம் ஒரு தீர்ப்பு சொல்லிவிட வேண்டும், அன்றைக்கு அதுதான். நோட்டில் எழுதி, ஆட்டம் முடிந்து கீழே இறங்கும்போது பேசுங்கள்.

சொந்தமாகச் செய்த விதி இரண்டாவது வாரமே உடைகிறது

வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்க அம்மா எடுத்து வைக்கும் பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி வீட்டில் இருக்கிறது. உள்ளங்கையில் தேய்த்து விடும்போது வரும் அந்தச் சத்தத்துக்காகவே, இதை வைத்து ஒரு ஆட்டம் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கட்டைக்கு நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. எனவே விழக்கூடியவை 1 முதல் 6 வரையும் 12-ம்தான். 7 முதல் 11 வரை கிடையவே கிடையாது.

16 விதமாக விழலாம். அதில் 1 இரண்டு தடவை, 2 மூன்று, 3 நான்கு, 4 மூன்று, 5 இரண்டு, 6 ஒன்று, 12 ஒன்று. இந்தக் கணக்கைப் போடாமலே முதல் விதியை எழுதிவிட்டேன். அடி விழ 5 வேண்டும், நல்ல வாளுக்கு ஒன்று முதல் மூன்று வரை கூட்டல் என்று. 20 முகப் பகடையில் மூன்று கூட்டினால் 15 சதவீதம்தான் ஏறும், அந்தப் பழக்கம். கட்டையில் கூட்டல் இல்லாமல் 25 சதவீதம். ஒன்று கூட்டினால் 44. இரண்டுக்கு 69. மூன்றுக்கு 88. கேரம் பையன் ஒருத்தனுக்கு நான் பரிசாகக் கொடுத்த மந்திர வாள், பதினாறில் பதினான்கு தடவை குறி தவறவில்லை. மற்ற நான்கு பேரும் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாளைப் பிடுங்குவது தீர்வாகாது. கூட்டலையே எடுத்துவிட்டு, நல்ல வாள் என்றால் ஒரு சண்டைக்கு ஒரு தடவை ஒரு கட்டையை மட்டும் எடுத்து மறுபடி விடலாம் என்று மாற்றினோம்.

அடுத்த கோளாறு கணக்கில் இல்லை, காதில் இருந்தது. 1 விழுந்தால் படுதோல்வி என்று எழுதியிருந்தேன். 1 விழுந்ததும் எல்லாரும் "தாயம்!" என்று கத்திக் கை தட்டினார்கள். சின்ன வயதிலிருந்து காய் உள்ளே இறங்குவதற்காகக் காத்திருந்த எண் அது. அதைத் தோல்வி என்று சொன்னால் கை ஏற்காது. தாயம் இப்போது எங்கள் விதியில் வாசல் திறக்கும் எண்: விழுந்தவருக்கு அடி இல்லை, ஆனால் காட்சியில் புதிதாக ஒன்றை அவரே கொண்டுவரலாம், ஒரு கயிறு, ஒரு தெரிந்த முகம், ஒரு மறந்துபோன கதவு.

மூன்றாவது, சேதம். தாயத்தில் 1, 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம் உண்டு. அதை அப்படியே சேதத்துக்கு வைத்தேன், விழ விழக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று. சராசரி சரியாக 6 வருகிறது, தாளில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. மேஜையில் ஒரு வெங்காயம் நறுக்கும் கத்தி 12, 5, 12, 3 என்று 32 சேதம் செய்து, நான்கு வாரமாக நான் வளர்த்த எதிரியைக் கொன்றது. சராசரியை மட்டும் பார்த்தால் வால் எவ்வளவு நீளம் என்று தெரியாது. இப்போது மறு ஆட்டம் ஒரே ஒரு தடவை. சராசரி ஐந்துக்குக் கொஞ்சம் மேல், அதிகபட்சம் 24.

நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால், உங்கள் வீட்டுக் கட்டையை முதலில் நூறு தடவை விட்டு, விழுந்ததைக் கோடு போட்டு எண்ணுங்கள். தேய்ந்த கட்டை ஒரு பக்கம் சாயும். எங்களுடையதில் 3 எதிர்பார்த்தபடி இருபத்தைந்துக்குப் பக்கத்தில்தான் நின்றது. மந்திரவாதிக்கு இன்னும் விதி முடியவில்லை. 12 விழுந்தால் மந்திரம் கைமீறிப் போக வேண்டும் என்று தங்கச்சி சொல்கிறாள், 16-ல் ஒரு தடவை அது போதுமா என்று வரும் ஞாயிறு விட்டுப் பார்க்கப் போகிறோம்.